ஏகாம்பரம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அமுதா தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாம்மா, என்ஜின் டவுனா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க. இதுக்கு கிராபிக்ஸ் கார்டு போடலாமா வேணாமான்னு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள்.

என்னிடம் போய்க் கேட்டாள் பாருங்கள். காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவன் நான். கார்டு என்றால் எனக்குத் தெரிந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வெயில் அந்த வீட்டு ஜன்னல் வழியாக வந்து என் முதுகில் விழுந்தது.

படிக்கட்டும் ஸ்டீயரிங்கும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு ஏகாம்பரத்தைத் தெரியும். போன வாரம்கூடத் திருக்கழுக்குன்றத்துத் தேர் நெரிசலில் அவன் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்த கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் கண்டக்டர், அவன் டிரைவர். செங்கல்பட்டு – மாமல்லபுரம், மதுராந்தகம் – கடப்பாக்கம் என்று எங்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரே வண்டியில் சேர்த்தே போட்டார்கள். பிரித்துப் போட்டால் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம் என்று டெப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் குடும்பம் மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த குடும்பம். என் அப்பா அந்த மாதிரி வயல்களில் கூலிக்கு இறங்கியவர். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவர். ஊருக்குள் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தெருவே இருந்திருக்கும். பஸ்ஸுக்குள் ஸ்டீயரிங் அவனுக்கு, படிக்கட்டு எனக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் அவனை மச்சான் என்பேன். அவனும் என்னை மச்சான் என்பான். யார் தங்கையை யார் கட்டியிருக்கிறீர்கள் என்று பயணிகள் கேட்டதுண்டு. யாரும் யாரையும் கட்டவில்லை. அப்படியே வாயில் வந்தது, அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் அவன் மகள் அமுதாவுக்கு நான் மாமா.

எதுவும் கேட்காதவன்

ரிட்டயர் ஆகிச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தான். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது அப்படியே சரிந்து விழுந்தான். பக்கவாதம். இடது கையும் காலும் போயின, பேச்சு பாதி போயிற்று. காலும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடப்பான். சிரமப்பட்டு நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவான். இடது கை மட்டும் வரவில்லை.

வராதது இன்னொன்றும் உண்டு. எதையும் 'வேண்டும்' என்று கேட்பதையே அவன் விட்டுவிட்டான். தண்ணீர் கொடுத்தால் குடிப்பான், கொடுக்காவிட்டால் உட்கார்ந்திருப்பான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனோடு வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். மாமல்லபுரத்தில் வண்டியை ஓரம் கட்டினானோ இல்லையோ, டிரைவர் சீட்டிலிருந்தே குரல் வரும்: "மச்சான், வடை சூடா கீதான்னு பாரு." ஆறிப்போன வடை என்றால் திருப்பி அனுப்பிவிடுவான். டீயில் ஆடை மிதந்தால் அதற்கு ஒரு பஞ்சாயத்து. அங்கே கல் செதுக்குகிற பட்டறைகளிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தையும் மீறி இவன் வடைக்குப் போடுகிற சத்தம் கேட்கும். அப்படிப்பட்டவன் வாயைத் திறப்பதில்லை என்றால் வீடு எப்படி இருக்கும்?

கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் அவருக்கே ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றினால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை அமுதா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். நானும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலேறிப் போய், டெப்போக் கதையெல்லாம் பேசிப் பார்ப்பேன். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நடுவில் எனக்குக் கண்புரை ஆபரேஷன். தூசி படக் கூடாது, ரயிலேறக் கூடாது என்று என் வீட்டில் என்னைப் பூட்டி வைத்தார்கள். நான் போகாத அந்த நாட்களில்தான் இந்தக் கம்ப்யூட்டர் கதை ஆரம்பித்திருக்கிறது.

கடைக்காரர் சொன்ன நியாயம்

கம்ப்யூட்டர் அமுதாவுடையது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஒரு நாள் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் நம் ஊர் அரசு பஸ்ஸுக்கு உள்ள அதே பெயின்ட் அடித்து, அதே ஹாரனையும் வைத்திருக்கிறான். ராட்டினக்கிணறு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் சொல்லி அதை ஏற்றிவிட்டாள்.

திரையில் பஸ்ஸைப் பார்த்ததும் ஏகாம்பரம் வலது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டானாம். கீபோர்டில் அம்புக்குறி போட்ட கட்டைகளை அழுத்தினால் போதும், வண்டி போகும். ஒரு கை தாராளம்.

"முதல்ல ஜம்முனு ஓடுது மாமா" என்றாள். "கொஞ்ச தூரம் போனதும் அப்டியே நின்னுடுது. அப்பா கைய எடுத்துட்டு உக்காந்துகினே கீறாரு. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாரு. நேத்து பாதியில எழுந்து போய்ப் படுத்துட்டாரு. இன்னாப்பா ஆச்சுன்னா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு."

கடைக்காரர் நியாயமான மனிதர். விற்றால் போதும் என்று தலையில் கட்டுகிற ஆள் இல்லை. ஆபீஸ் வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற சமாச்சாரம் போதும் என்றிருக்கிறார். விளையாட்டு என்று வந்தால், படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கார்டு போட்டால் நல்லது. ஆனால் அதைப் போட்டால் கரண்ட் கொடுக்கிற பெட்டியையும் மாற்ற வேண்டும், பழையது தாங்காது. வீட்டுக்கே வந்து தானும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவர் ஓட்டும்போது எங்கேயும் நிற்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, சூடேறினால் நிற்கிறதோ என்னவோ, கார்டு போட்டால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அமுதாவின் வீட்டுக்காரர், ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு தேவையா என்று யோசிக்கிறார். அதுவும் தப்பில்லை. அவருக்கும் ஆயிரம் செலவு.

"கார்டு போட்டும் நின்னா பரவால்ல மாமா" என்றாள் அமுதா. "போடாம வுட்டு, அப்பா இதையும் வேணாம்னு வுட்டுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

ஆபரேஷன் ஆன பிறகு எனக்குத் தெருவே பளிச்சென்று தெரிகிறது. அதை வைத்து, ஒரு லென்ஸ் போட்டால் எனக்கு இவ்வளவு தெரியும்போது அதற்கும் ஏதாவது போட்டுத்தான் பார்ப்போமே என்று சொல்லிவைத்தேன். கண்டக்டர் மூளை அவ்வளவுதான் எட்டியது.

கடப்பாக்கத்து நண்டுகள்

ஏகாம்பரம் உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்தான். அமுதா டீ கொடுத்தாள். பக்கத்து வீட்டில் நண்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. நண்டு வாசனை வந்தால் எனக்குக் கடப்பாக்கம் ஞாபகம் வரும். எங்கே இருந்தாலும் வரும்.

நாங்கள் சேர்ந்து ஓட ஆரம்பித்த புதுசு. கடப்பாக்கத்திலிருந்து காலையில் கிளம்புகிற முதல் டிரிப்பில் மீன் கூடைக்காரம்மாக்கள் பின்படியில் ஏறுவார்கள். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடுகிற சண்டை எனக்கும் அவர்களுக்கும் தினமும் உண்டு. அன்றைக்கும் சண்டையில் இருந்தேன். ஏகாம்பரம் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். யாரும் தெரியவில்லை. என் விசிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்துவிட்டான்.

ஒரு அம்மா கூடையைப் படியில் வைத்துவிட்டு ஒரு காலைத்தான் உள்ளே வைத்திருந்தாள். கூடையோடு மணலில் உட்கார்ந்தாள். கூடை கவிழ்ந்து அத்தனை நண்டும் ரோட்டில் ஓட ஆரம்பித்தன. பாதி பஸ் இறங்கி நண்டு பிடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாத்தியார்கூடப் பிடித்தார். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏகாம்பரத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. இறங்கி வந்து அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தான். குனிந்து அவள் விழுந்த இடத்தையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தால் பின்சக்கரம்.

செய்யூரில் வண்டி நின்றபோது என்னைக் கூப்பிட்டான். "கண்ணாடில பாதிதான் மச்சான் தெரியுது. மீதிக்கு நீ கீற. இனிமே உன் விசில் இல்லாம டயரு உருளாது" என்றான்.

சொன்னதைக் காப்பாற்றினான். காலி வண்டியை டெப்போவிலிருந்து ஸ்டாண்டுக்குக் கொண்டுவருவது அவன் பாடு. ஆள் ஏறிவிட்டால் என் விசில் வேண்டும்: நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு. ஒரு தடவை பூஞ்சேரியில் சில்லறைத் தகராறில் நான் விசிலையே மறந்துபோனேன். 'எடுப்பா வண்டியை' என்று மொத்த பஸ்ஸும் கத்தியது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் ஊதிய பிறகுதான் கை ஸ்டீயரிங்குக்குப் போயிற்று.

முதல் ஸ்டாப்பிங்

வெயில் இறங்கியதும் ஏகாம்பரம் எழுந்து வந்தான். என்னைப் பார்த்ததும் வாயின் வலது பக்கம் மட்டும் சிரித்தது. அமுதா தகட்டைப் பொருத்திக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

டெப்போவிலிருந்து பஸ் புறப்பட்டது. நம் பஸ்ஸேதான். வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே பிரேக்கைத் தொட்டான். வளைவில் வண்டியை அலுங்காமல் திருப்பினான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சவுக்குத் தோப்பு. மரங்கள் சில நேரம் இல்லாத இடத்தில் திடீரென்று முளைத்தன. ஒருவேளை அதற்குத்தான் கார்டு கேட்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி மாமல்லபுரம் ரோட்டில் அவனோடு போவதுபோலவே இருந்தது. எனக்கு டீசல் வாசனைகூட வந்தது.

ஸ்டாப்பிங் வந்தது. ஓரம் கட்டினான். கதவு திறந்தது. நின்றிருந்த பொம்மை மனிதர்கள் ஒவ்வொருவராக ஏறி முடித்தார்கள். அதோடு சரி.

"பாத்தீங்களா மாமா, நின்னுடுச்சு" என்றாள் அமுதா, சமையலறை வாசலிலிருந்து.

நான் திரையைக் கூர்ந்து பார்த்தேன். ஸ்டாப்பிங் ஓரத்தில் ஒரு நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். கை மடியில் இருந்தது. கண் ரோட்டில் இருந்தது. தலை மட்டும் கொஞ்சமாகப் பின்பக்கம் சாய்ந்து, காது என் பக்கம் இருந்தது. அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். பூஞ்சேரியில் பார்த்தது, ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் பார்த்தது. இத்தனை நாளாக இவன் இப்படியா உட்கார்ந்திருந்தான்?

என் பழைய விசில் இன்னும் வீட்டுச் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. எடுத்து வாயில் வைத்தேன். பழைய உப்பு கரித்தது. இரண்டு தடவை ஊதினேன்.

சின்ன அறை. அமுதா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஏகாம்பரத்தின் கை மடியிலிருந்து எழுந்து கட்டைக்குப் போயிற்று. பஸ் கிளம்பியது.

அடுத்த ஸ்டாப்பிங். ஆட்கள் ஏறினார்கள், கை மடிக்குப் போயிற்று. ஊதினேன், கிளம்பினான். அதற்கடுத்ததும் அப்படியே. அமுதா கதவில் சாய்ந்து நின்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி ஸ்டாப்பிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். வார்த்தையைத் தேடி எடுத்தான்.

"இன்னா மச்சான்... இவ்ளோ லேட்டு."

கண் ஆபரேஷன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அன்றைக்கு வீணாகப் போயிற்று.

பின்படி

கார்டு வேண்டாம் என்று அமுதா கடைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். பெரியவர் தினமும் ரயிலேறி வர வேண்டாம், விசில் சத்தத்தையும் விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றார். வந்து வைத்தும் கொடுத்தார்.

அன்றைக்கு நானும் இருந்தேன். ஆட்கள் ஏறி முடித்ததும் ஸ்பீக்கரிலிருந்து விசில் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் விசிலைவிட நன்றாகவே இருந்தது. ஏகாம்பரம் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

"அதான் விசில் வந்துடுச்சேப்பா" என்றாள் அமுதா.

"பின்னாடி ஏறிட்டாங்களான்னு... அதுக்கு எப்டி தெரியும்?"

கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னையும் குத்தியது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவன் பார்க்கிற அதே முன்கண்ணாடியைத்தானே நானும் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன்? குத்துமதிப்பாக ஊதிக்கொண்டிருக்கிறேன். வேலையில் இருந்தபோது அப்படி ஊதியவன் இல்லை நான்.

பின்பக்கத்தைப் பார்க்க வழியுண்டா என்று கடைக்காரரிடம் கேட்டேன். உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் படம் பஸ்ஸை விட்டு வெளியே வந்து பின்பக்கத்தைக் காட்டும். மறுபடி அழுத்தினால் டிரைவர் சீட்டுக்குப் போய்விடும். அடுத்த தடவையிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நான் எட்டி அந்தக் கட்டையை அழுத்தினேன். அங்கேதான் வந்தது வினை. வெளியே வந்ததும் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. விசிறி இரைந்தது. ஏறுகிறவர்களுக்குத் தலை வந்தது, கால் வரவில்லை. இரண்டு தடவை படம் நிஜமாகவே உறைந்து நின்றது. போனில் கேட்டதற்கு, வெளியே வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து வரைய வேண்டியிருக்கும், அதற்குக் கார்டு இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

ஆக, டிரைவருக்குக் கார்டு தேவையில்லை. கண்டக்டருக்குத்தான் தேவை. நான் வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த வயசில் எனக்காக ஒரு செலவா? பொம்மை ஜனங்கள்தானே, விழுந்தால் என்ன அடிபடப் போகிறது என்றுகூடச் சொன்னேன். அமுதா தயங்கினாள். அவள் வீட்டுக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏகாம்பரம் வலது உள்ளங்கையால் மேஜையைத் தட்டினான்.

"கார்டு போடு" என்றான் மகளிடம். "அவனுக்கு... தெரியணும்."

அமுதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் அப்பா வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். அவள் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு பைக் சாவியை எடுத்தார்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் கூடுதலாக இரண்டு விசிறிகள் சுற்றுகின்றன. முந்தாநாள் டிரிப் முடிந்ததும் ஏகாம்பரம் வடை கேட்டான். அமுதா ஓடிப்போய் வாங்கி வந்தாள். தொட்டுப் பார்த்து, ஆறியிருக்கிறது என்று தள்ளி வைத்தான். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சாயங்காலம் ஸ்டாப்பிங்கில் நான் கட்டையை அழுத்துகிறேன். பின்படி பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் ஏறிய பிறகு ஒரு அம்மா தலையில் கூடையோடு கடைசியாக வருகிறாள். ஒரு காலைப் படியில் வைக்கிறாள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அவளுடைய இன்னொரு காலும் உள்ளே வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏகாம்பரம் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.